உச்ச நீதிமன்றம் பற்றிய பொதுவாசகர் நோக்கு நூல்கள்: தலைச்சொல்லும் மொழிபெயர்ப்பும்

ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றத்தைப் பற்றிப் பொதுவாசகருக்காக எழுதப்படும் நோக்கு நூல், சட்ட அகராதியினின்று வேறுபட்டது. சட்ட அகராதியைப் புரட்டுபவர், தாம் தேடும் சொல் வழங்கும் இடத்தை முன்பே அறிந்தவர்; அவருக்கு வேண்டுவது அச்சொல்லின் துல்லியமான எல்லை. நோக்கு நூலைப் புரட்டுபவரோ காலை நாளிதழில் ‘மேல்முறையீட்டு மனு தள்ளுபடி’ என்றோ ‘அரசமைப்பு அமர்வுக்கு மாற்றம்’ என்றோ ஒரு தலைப்பைப் படித்துவிட்டு, நடந்தது என்ன என்று அறிய முற்படுபவர். அவர் சட்டம் பயின்றவர் அல்லர். சில வேளைகளில் அவரே வழக்கின் கட்சிக்காரராகவும் இருப்பார். தலைச்சொல் பிழைபட அமைந்தால், தம் உரிமை முடிந்துவிட்டதா, இன்னும் வழி உள்ளதா என்பதையே அவர் பிழைபட உணர நேரும். இந்நூல்களின் மொழியமைப்பை மொழிபெயர்ப்பாளர் கூர்ந்து நோக்க வேண்டியதன் காரணம் இதுவே.

ஆங்கிலத்தில் இவ்வகை நூல்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை மையமாகக் கொண்டே பெருகின. எல்டர் விட் உருவாக்கி, காங்கிரெஷனல் குவார்ட்டர்லி நிறுவனம் 1979-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் பொருள்வாரியாக அமைந்தது. லெனர்டு லெவி முதலியோர் பதிப்பித்த அமெரிக்க அரசமைப்புக் கலைக்களஞ்சியம் 1986-இல் நான்கு தொகுதிகளாக வந்தது. 1992-இல் கெர்மிட் ஹால் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழி வெளியிட்ட ‘துணைநூல்’ அகரவரிசையில் அமைந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2005-இல் வெளிவந்தது. 1994-இல் முதற்பதிப்புக் கண்ட ‘உச்ச நீதிமன்றத் தொகுப்பேடு’ பெரும்பாலும் அட்டவணைகளால் ஆனது. இவற்றுள் மொழியியலார் கவனத்திற்கு உரியது ஹாலின் நூலே. வழக்குகள், நீதிபதிகளின் வாழ்க்கைக் குறிப்புகள், நியமனம் மறுக்கப்பெற்றோர், சட்டக் கருத்தாக்கங்கள், நீதிமன்ற மரபுகள் என எல்லாவற்றையும் ஒரே அகரவரிசையில் கலந்து தருவது அது. எந்தச் சொல்லின்கீழ்த் தேடுவது என்ற சிக்கல் இங்குத்தான் முதன்மை பெறுகிறது.

இந்திய உச்ச நீதிமன்றத்திற்கு இத்தகைய ஒற்றை அகரவரிசை நூல் தமிழில் ஒரு மரபாக வளரவில்லை. ஆங்கிலத்தில் ஜார்ஜ் கேட்பாய்ஸ் 2011-இல் வெளியிட்ட நூல், 1950 முதல் 1989 வரை பதவியேற்ற 93 நீதிபதிகளின் வாழ்க்கையைத் தொகுத்தளிக்கிறது. ஆயினும் அது நீதிபதிகளைப் பற்றியதேயன்றி நீதிமன்றத்தின் சொற்களைப் பற்றியது அன்று.

நீதிமன்றத்தின் பெயர்

தமிழில் இத்தகைய நூலொன்றைத் தொகுப்பவர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் நீதிமன்றத்தின் பெயரிலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டு வழக்கில் ‘உச்ச நீதிமன்றம்’ நாட்டின் தலையாய மன்றத்தையும், ‘உயர் நீதிமன்றம்’ மாநில அளவிலான மன்றத்தையும் குறிக்கின்றன. இலங்கைத் தமிழ் வழக்கிலோ ‘உயர் நீதிமன்றம்’ என்பதே நாட்டின் தலையாய மன்றத்தைக் குறிக்கும். அதற்கு அடுத்த நிலையில் ‘மேன்முறையீட்டு நீதிமன்றம்’ உள்ளது. தமிழ்நாட்டார் உயர் நீதிமன்றம் என வழங்கும் ஆங்கிலப் பெயருக்கு அங்கு நேரானது ‘மேல் நீதிமன்றம்’. கொழும்பு நாளிதழில் ‘உயர் நீதிமன்றம் தீர்ப்பு’ என்று காணும் சென்னை வாசகர், இன்னும் ஒரு படி மேலே மேல்முறையீட்டுக்கு இடமுண்டு என எண்ணிவிடக்கூடும். அங்கு அப்படி ஒரு படி இல்லை. ஒரே மொழிக்குள் நிகழும் இத்திரிபு, இருமொழி அகராதிகளில் பொதுவாகப் பிடிபடுவதில்லை.

பெயரும் நிலையும் ஒன்றுபடாமை தமிழுக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் மாநிலத்தில் ‘சுப்ரீம் கோர்ட்’ எனப்படுவது முதல்நிலை விசாரணை மன்றம். அம்மாநிலத்தின் தலையாய மன்றம் ‘மேல்முறையீடுகளின் நீதிமன்றம்’ எனப் பெயர் பெறும். மலேசியாவில் 1985 முதல் 1994 வரை உச்ச நீதிமன்றம் என்றிருந்தது பின்னர்க் கூட்டரசு நீதிமன்றம் ஆயிற்று. பிரிட்டனில் அக்டோபர் 2009 வரை பிரபுக்கள் அவையே இறுதி முறையீட்டு மன்றமாக இருந்தது. அதன் பின்னரே அந்நாட்டுக்கு உச்ச நீதிமன்றம் என்னும் பெயருடைய இறுதி மன்றம் கிடைத்தது. இந்திய வரலாற்றிலும் இக்குழப்பம் உண்டு. 1774-இல் கல்கத்தாவிலும் 1801-இல் சென்னையிலும், அவற்றின் பின்னர்ப் பம்பாயிலும் நிறுவப்பெற்றவை ‘உச்ச நீதிமன்றங்கள்’ என்றே அழைக்கப்பட்டன. 1862-இல் அவற்றின் இடத்தில் உயர் நீதிமன்றங்கள் தோன்றின. அக்காலத்து ஆவணங்களை மொழிபெயர்ப்பவர், சென்னை உச்ச நீதிமன்றத்தின் முடிவு நாட்டின் இறுதி முடிவு என்று வாசகர் கருதிவிடாதவாறு ஓர் அடைமொழியேனும் சேர்த்தல் வேண்டும். ‘பிரிவி கவுன்சில் வரை போவேன்’ என்று நிலத்தகராறுகளில் சூளுரைத்த தலைமுறைக்கு இறுதி மன்றம் எது என்பதில் ஐயம் இருந்ததில்லை. அந்த முறையீட்டு உரிமை 1949-இல் முடிவுக்கு வந்தது. 1937 முதல் இயங்கிய கூட்டாட்சி நீதிமன்றத்தின் இடத்தில் இன்றைய உச்ச நீதிமன்றம் 1950 ஜனவரி 28-இல் தொடங்கப்பெற்றது.

தலைமை நீதிபதியின் பதவிப் பெயரும் கருதத்தக்கது. அரசமைப்பின் 124-ஆம் உறுப்பு ‘இந்தியத் தலைமை நீதிபதி’ என்றே கூறுகிறது. இதழ்களில் பரவலாகக் காணும் ‘உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி’ என்பது விளக்கத் தொடர். பதவிப் பெயர் அன்று. இலங்கையில் இதற்கு ஒத்த பதவி ‘பிரதம நீதியரசர்’. அமெரிக்க ஆங்கிலத்தில் உச்ச நீதிமன்ற உறுப்பினரைக் குறிக்க ஒரு சொல்லும் கீழ்நிலைக் கூட்டாட்சி மன்றங்களின் உறுப்பினரைக் குறிக்க வேறொரு சொல்லும் உள்ளன. இந்திய அரசமைப்பு இரு நிலையினரையும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. பெயருக்கு முன் வரும் அடை மட்டுமே வேறு. ஆகவே அமெரிக்க நூலைத் தமிழாக்குங்கால் ‘நீதியரசர்’, ‘நீதிபதி’ எனப் பிரித்து வழங்கலாம். இந்திய நூலில் அவ்வாறு பிரித்தால் மூலத்தில் இல்லாத வேறுபாடொன்று நுழைந்துவிடும். பால் வேறுபாட்டைப் பொறுத்தவரை தமிழ் நல்வாய்ப்புடையது. அமெரிக்க மன்றத்தில் 1981-இலும் இந்திய மன்றத்தில் 1989-இலும் முதற்பெண் நீதிபதிகள் பதவியேற்றபோது ஆங்கிலத்தில் எழுந்த விளிமுறைச் சிக்கல்கள் ‘நீதிபதி’, ‘அவர்’ எனும் சொற்களைக் கையாளும் தமிழ் நடையில் எழுவதில்லை.

வழக்குப் பதிவின் முதல்வரி

ஹாலின் நூலில் ஒவ்வொரு வழக்குப் பதிவும் ஒரு செறிவான வரியோடு தொடங்குகிறது: வழக்கின் பெயர், அறிக்கைத் தொகுதியும் பக்கமும், வாதம் நிகழ்ந்த நாள், முடிவான நாள், வாக்கு எண்ணிக்கை, தீர்ப்புரை எழுதியவர், உடன்பட்டோர், மாறுபட்டோர். பிரவுன் வழக்கின் தீர்ப்பு 1954 மே 17-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அளித்தது என்பதை வாசகர் ஒரே பார்வையில் அறிந்துகொள்கிறார். இவ்வரியில் எழுதியவரின் பெயருக்குப் பின் ‘நீதிமன்றத்திற்காக’ எனப் பொருள்படும் ஒரு சிறு தொடர் வருகிறது. இதனைத் தமிழில் ‘நீதிமன்றத்தின் சார்பில்’ என எழுதுவது எளிது. ஆனால் தமிழ் வழக்கில் சார்பில் தோன்றுபவர் வழக்கறிஞர், நீதிபதி அல்லர். ‘நீதிமன்றத் தீர்ப்புரை: வாரன்’ என எழுதுவது நேரானது.

‘தீர்ப்புரை’ என்ற சொல்லையும் இங்கு விளக்க வேண்டும். இதற்குரிய அமெரிக்கச் சொல் பொது ஆங்கிலத்தில் ‘கருத்து’ எனப் பொருள்படும். அதனை அப்படியே ‘பெரும்பான்மைக் கருத்து’ என்று தமிழாக்குவோர் உளர். கருத்து என்பது தமிழில் ஏற்கவோ தள்ளவோ தக்கது. அமெரிக்க மன்றத்தின் பெரும்பான்மை உரையோ நாடெங்கும் பிணிக்கும் ஆற்றலுடையது. மேலும் இந்திய அரசமைப்பின் 143-ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவர் கேட்கும்போது உச்ச நீதிமன்றம் அளிப்பது உண்மையிலேயே கருத்துரைதான். இரண்டிற்கும் ஒரே சொல்லைக் கையாண்டால் ஆணையும் அறிவுரையும் ஒன்றாகிவிடும். பெரும்பான்மைத் தீர்ப்புரை, இசைவுத் தீர்ப்புரை, மாறுபட்ட தீர்ப்புரை எனவும், 143-ஆம் உறுப்பின்கீழ் வருவதைக் கருத்துரை எனவும் பிரித்து வழங்குவது தக்கது.

இந்திய வழக்குகளுக்கு இந்த முதல்வரியை நிரப்ப முற்படும்போது அச்சட்டகம் அமெரிக்க மன்றத்தின் நடைமுறைக்காகச் செய்யப்பட்டது என்பது புலனாகும். அமெரிக்க மன்றத்தில் ஒன்பது பேரும் ஒருங்கே அமர்கின்றனர். இந்திய மன்றமோ இருவர், மூவர், ஐவர் எனப் பல அமர்வுகளாகப் பிரிந்து இயங்குகிறது. எட்டு நீதிபதிகளுக்கு இடம் வைத்து 1950-இல் தொடங்கிய மன்றத்தின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 2019-இல் 34 ஆயிற்று. எனவே அமர்வின் அளவைக் குறிக்காமல் வாக்கு எண்ணிக்கையை மட்டும் தருவது பயனற்றது. மூவர் ஒருமனதாக அளித்த தீர்ப்பைக் காட்டிலும் ஐவரில் மூவர் அளித்த தீர்ப்பே வலிமையுடையது என்பதை வாசகர் எண்களைக் கொண்டே அறிய இயல வேண்டும்.

இதனினும் கடினமானது கேசவானந்த பாரதி வழக்கு. 1973 ஏப்ரல் 24-இல் 13 நீதிபதிகள் அமர்ந்து அளித்த இம்முடிவு ‘7-க்கு 6’ என எல்லா நூல்களிலும் குறிக்கப்படுகிறது. ஆனால் அங்கு ஒரே பெரும்பான்மைத் தீர்ப்புரை என ஒன்றில்லை. 11 தனித்தனித் தீர்ப்புரைகள் உள்ளன. நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்தைப் பற்றி ஆறு பேர் ஒரு பக்கமும் ஆறு பேர் மறுபக்கமும் நிற்க, நீதிபதி எச்.ஆர். கன்னாவின் தனியுரையே முடிவை நிர்ணயித்தது. இறுதியில் 13 பேரில் ஒன்பது பேர் மட்டும் கையொப்பமிட்ட பெரும்பான்மைக் கருத்தின் சுருக்கம் ஒன்றும் இணைக்கப்பட்டது. ‘அடிப்படைக் கட்டமைப்பு’ எனும் கோட்பாட்டை விளக்கும் பதிவு, ‘நீதிமன்றம் கூறியது’ என்ற எழுவாயோடு தொடங்கினால், எந்த உரை, எந்த நீதிபதி எனும் வினாக்கள் மறைந்துவிடும். ‘ஏழு நீதிபதிகளின் முடிவு ஒன்றுபட்ட அளவில்’ என்னும் தொடர் அழகற்றதாயினும் உண்மைக்கு நெருக்கமானது.

எதிர்முனையிலும் சான்று உண்டு. 2019 நவம்பர் 9-இல் ஐவர் அமர்வு அளித்த அயோத்தித் தீர்ப்பில் எழுதியவர் பெயர் குறிக்கப்படவில்லை. பதிவின் வரியில் ‘எழுதியவர்’ என்னும் இடத்தை வெற்றிடமாக விட்டால் தொகுப்பாளர் மறந்துவிட்டார் என்றே வாசகர் கருதுவார். ‘பெயர் குறிக்கப்படாதது’ என வெளிப்படையாக எழுதுதல் வேண்டும்.

வழக்குப் பெயர்களை அகரவரிசைப்படுத்துவதில் தமிழுக்கு எதிர்பாராத நன்மை ஒன்று கிட்டுகிறது. ஆங்கிலத்தில் அரசே முதற்கட்சியாக உள்ள வழக்குகள் ‘மாநிலம்’ என்னும் பொதுச்சொல்லில் தொடங்கும். அவை ஒரே எழுத்தின்கீழ் மலைபோல் குவியும். தமிழ்ச் சொல்வரிசையில் ஊர்ப்பெயர் முன்னே வருதலால் ‘சென்னை மாநிலம் எதிர் சம்பகம் துரைராஜன்’ என்ற 1951-ஆம் ஆண்டு வழக்குச் சகரத்திலேயே இடம் பெறும். நெருக்கடிநிலைக் காலத்தில் 1976-இல் முடிவான ஆட்கொணர்வு வழக்கு ஆங்கிலத்தில் ஓர் அதிகாரியின் பதவிப் பெயரால் தொடங்குவது. தமிழில் ‘ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் எதிர் சிவகாந்த் சுக்லா’ என ஊர்ப்பெயரால் தொடங்கும். அயல்நாட்டுப் பெயர்களில் இந்நன்மை இல்லை. பிரவுன், பிளெஸ்ஸி ஆகிய இரண்டும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துகளில் தொலைவாக நிற்பவை. தமிழில் இரண்டும் பகரத்தில் அருகருகே வருகின்றன. 1896-இல் பிளெஸ்ஸி வழக்கு ஏற்றுக்கொண்ட ‘பிரித்தாலும் சமம்’ என்னும் கொள்கையைப் பள்ளிக் கல்வித் துறையில் வீழ்த்தியது பிரவுன் வழக்கே ஆதலால் இது தற்செயலான பொருத்தம். ஆயினும் ஒருவர் ‘பிரவுன்’ எனவும் மற்றொருவர் ‘ப்ரௌன்’ எனவும் எழுதினால் பதிவு பல பக்கம் தள்ளிப் போய்விடும். ஒலிபெயர்ப்பு விதிகளை நூலின் தொடக்கத்திலேயே வரையறுத்து, மாற்று வடிவங்களுக்குச் சுட்டுப் பதிவுகள் தருவது தவிர்க்க இயலாதது.

ஒரே சொல், இரு நாடுகள்

இலத்தீனிலிருந்து வந்த ‘செர்ஷியோராரி’ என்னும் சொல் இவ்வகை நூல்களின் மொழிபெயர்ப்பில் மிகுந்த இடர் தருவது. இந்தியாவில் 32, 226 ஆகிய உறுப்புகள் பெயர் சுட்டிக் கூறும் ஐந்து நீதிப்பேராணைகளுள் இது ஒன்று. கீழ்நிலை மன்றமோ தீர்ப்பாயமோ தன் அதிகார எல்லையை மீறி அளித்த முடிவை வரவழைத்து நீக்குவதே இதன் பணி. தமிழ்ப் பாடநூல்களில் ‘ஆவணக் கேட்பு’ என வழங்கும் பெயர் இப்பணியின் முதற்பாதியை நன்கு உணர்த்துகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இதே சொல் வேறு பணி செய்கிறது. 1925-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்திற்குப் பின், அம்மன்றம் எந்த வழக்கைக் கேட்பது என்பதைப் பெரும்பாலும் தானே தெரிவு செய்கிறது. அதற்கான வாயிலே இது. ஒன்பது நீதிபதிகளுள் நால்வர் இசைந்தால் வழக்கு ஏற்கப்படும். அமெரிக்கச் செய்தியைத் தமிழாக்குபவர் ‘ஆவணக் கேட்பு நீதிப்பேராணை மறுக்கப்பட்டது’ என எழுதினால், கீழ்மன்றத்தின் முடிவை நீக்கக் கோரிய வேண்டுதல் ஆராயப்பட்டுத் தவறென முடிவு செய்யப்பட்டது என்றே இந்திய வாசகர் உணர்வார். உண்மையில் நிகழ்ந்தது அதுவன்று. மன்றம் வழக்கைக் கேட்க முன்வரவில்லை, அவ்வளவே. அத்தகைய மறுப்பு, வழக்கின் தகுதி பற்றிய எந்தத் தீர்மானமும் அன்று என்பதை 1950-இல் மேரிலாந்து எதிர் பால்டிமோர் ரேடியோ ஷோ வழக்கில் நீதிபதி பிராங்க்பர்ட்டர் விரிவாக எடுத்துரைத்தார்.

இந்தியாவில் அந்த அமெரிக்க வாயிலுக்கு ஒப்பிடத்தக்கது 136-ஆம் உறுப்பின்கீழ் வரும் சிறப்பு அனுமதி மனு. பெயரொற்றுமை ஓரிடத்தில், பணியொற்றுமை வேறிடத்தில் எனச் சொற்கள் இங்குக் குறுக்கே நிற்கின்றன. நோக்கு நூல் இரு பதிவுகளையும் தனித்தனியே தந்து, ஒன்றினின்று மற்றொன்றுக்குச் சுட்ட வேண்டும். அப்பதிவு பின்வருமாறு அமையலாம்:

ஆவணக் கேட்பு: (1) இந்தியா: கீழ்நிலை மன்றத்தின் அதிகாரமற்ற முடிவை வரவழைத்து நீக்கும் நீதிப்பேராணை. (2) அமெரிக்கா: உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைக் கேட்க இசைவது, இந்தியாவில் இதனை ஒத்தது சிறப்பு அனுமதி. மறுப்பு, கீழ்மன்றத் தீர்ப்பை ஏற்றதாகாது.

இப்பதிவின் கடைசித் தொடர் இந்தியச் செய்திகளுக்கும் பொருந்துவது. சிறப்பு அனுமதி மனு தொடக்க நிலையிலேயே தள்ளுபடியானால், ‘உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது’ எனத் தமிழ் இதழ்கள் எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் குஞ்ஞாயம்மது எதிர் கேரள மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது: காரணம் கூறாது அனுமதி மறுக்கப்படும்போது உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் ஆணையில் கலந்துவிடுவதில்லை, மேல்முறையீடே இன்னும் பிறக்கவில்லை. இதன் விளைவு நடைமுறை சார்ந்தது. உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கோரும் வழி அக்கட்சிக்காரருக்கு அடைபட்டுவிடவில்லை என்பதும் அத்தீர்ப்பில் கூறப்பட்டது. ‘உறுதி செய்தது’ என்ற இரு சொற்களைப் படித்து ஊர் திரும்பும் ஒருவர் அவ்வழியைத் தேடவே மாட்டார். தமிழில் ‘தள்ளுபடி’ என்ற ஒரே சொல் மனு, மேல்முறையீடு, வழக்கு ஆகிய மூன்றின் முடிவுக்கும் வழங்குகிறது. கடனுக்கும் அதுவே, துணிக்கடைக்கும் அதுவே. சொல்லை மாற்றுதல் இனி அரிது. எது தள்ளப்பட்டது, எந்நிலையில் தள்ளப்பட்டது என்ற இரண்டையும் உடன் சேர்த்து எழுதுவது இயலும்.

சுருக்கமும் மூலமும்

நோக்கு நூல் தீர்ப்பைச் சுருக்கித் தருவது. அச்சுருக்கம் நீதிமன்றத்தின் வாக்கு ஆகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெளியிடும் ஒவ்வொரு தீர்ப்பின் தொடக்கத்திலும் உள்ள சுருக்கம், அறிக்கையாளரால் வாசகர் வசதிக்காக எழுதப்பட்டது என்றும் தீர்ப்புரையின் பகுதி அன்று என்றும் ஓர் அறிவிப்பு இடம் பெறுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1906-ஆம் ஆண்டு டெட்ராய்ட் மர நிறுவன வழக்கு. அறிக்கையின் தலைக்குறிப்பை நம்பி வாதிட்டவர் தோற்ற வழக்கு அது. மூலமொழியிலேயே சுருக்கம் இத்தகைய எல்லைக்கு உட்பட்டதாயின், மொழிபெயர்ப்பின் சுருக்கம் இரு படி விலகியது.

தொகுப்பாளர் எதனை எடுத்தாளலாம் என்பதற்கும் விடை உண்டு. தீர்ப்புரைகளில் எந்த அறிக்கையாளருக்கும் பதிப்புரிமை இல்லை என அமெரிக்க மன்றம் 1834-இல் வீட்டன் எதிர் பீட்டர்ஸ் வழக்கில் கூறியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில், தீர்ப்பின் மூலவாசகம் பொதுவுடைமை என்றும், பதிப்பகத்தார் செய்த பத்திப்பிரிப்பு, உடன்பட்டோர் மாறுபட்டோர் பற்றிய குறிப்பு முதலிய சில உழைப்புகளுக்கு மட்டும் காப்பு உண்டு என்றும் முடிவு செய்தது. ஆகவே தமிழ்த் தொகுப்பாளர் தனியார் அறிக்கைகளின் தலைக்குறிப்பை மொழிபெயர்ப்பது முறையன்று. தீர்ப்பைப் படித்தே எழுத வேண்டும். இது சோம்பலுக்கு எதிரான நல்ல விதியுமாகும்.

அரசமைப்பின் 348-ஆம் உறுப்பு, நாடாளுமன்றம் வேறு வகை செய்யும் வரை உச்ச நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே அமைய வேண்டும் என்கிறது. 1973-ஆம் ஆண்டின் அதிகாரபூர்வ மூலவாசகங்கள் சட்டப்படி மத்தியச் சட்டமொன்றின் தமிழ் வாசகம் அதிகாரபூர்வத் தகுதி பெறலாம். அச்சட்டத்திற்கு உச்ச நீதிமன்றம் தரும் விளக்கத்தின் தமிழ் வாசகம் அத்தகுதி பெறாது. 2019 முதல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தீர்ப்புகளை உச்ச நீதிமன்றம் மொழிபெயர்த்து வெளியிட்டுவந்தாலும், அம்மொழிபெயர்ப்பு கட்சிக்காரர் புரிந்துகொள்வதற்கு மட்டுமே என்றும் ஆங்கில வாசகமே அதிகாரபூர்வமானது என்றும் அவற்றில் குறிக்கப்படுகிறது. இக்குறிப்பைச் சிலர் மொழிக்கு இழைத்த குறையாகக் கருதுவர். மொழிபெயர்ப்பாளர் நோக்கில் இது ஓர் உரிமையும் தருகிறது: பிணிக்கும் வாசகமாக இல்லாமையால், சொல்லுக்குச் சொல் கட்டுண்டு கிடக்காமல் பொருள் விளங்க எழுத இடமுண்டு. வெளிவந்துள்ள மொழிபெயர்ப்புகள் இவ்விடத்தைப் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை.

நீதிமன்றமே நோக்கு நூல் ஒன்றை வெளியிட்டதும் உண்டு. 2023 ஆகஸ்ட் 16-இல் வெளியான, பால்சார் வார்ப்பு எண்ணங்களுக்கு எதிரான கையேடு, தவிர்க்க வேண்டிய சொற்களையும் அவற்றுக்கு மாற்றான சொற்களையும் அட்டவணையாகத் தந்தது. பெண்ணுக்கு முன் ‘கற்புள்ள’ என்னும் அடைமொழி வேண்டா, ‘பெண்’ என்பதே போதும் என்றது. தெருவில் நிகழும் பாலியல் தொல்லையைக் கேலி போலக் காட்டும் ஆங்கிலத் தொடரையும் விலக்கச் சொன்னது. அத்தொடர் தமிழ் இதழ்களிலும் ‘ஈவ் டீசிங்’ என ஒலிபெயர்ப்பாகவே புழங்கி வந்தது. ஆனால் அட்டவணையின் எல்லா வரிகளையும் தமிழுக்கு மாற்றுவது பயன் தராது. ஆங்கிலத்தில் விலக்கத்தக்கதும் ஏற்கத்தக்கதுமான இரு சொற்களுக்கும் தமிழில் ‘இல்லத்தரசி’ என்ற ஒரே சொல் வழங்கும் வரி அதில் உண்டு. தமிழ்ச் சட்டவழக்கில் உள்ள ‘சோரம்’, ‘வைப்பு’ போன்ற சொற்களைத் தமிழ் ஆவணங்களிலிருந்தே திரட்டித் தனி அட்டவணை செய்தல் வேண்டும்.

2023-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்குப் பதிப்பகம் சாராத பொதுச் சுட்டெண் முறையைத் தொடங்கியது. ஆண்டு, ‘ஐ.என்.எஸ்.சி.’ என்னும் குறியீடு, வரிசை எண் ஆகியவற்றால் ஆனது அது. தீர்ப்புகளில் பத்திகளுக்கு மன்றமே எண்ணிடுகிறது. எனவே தமிழ்ப் பதிவொன்றின் இறுதியில் சுட்டெண்ணையும் பத்தி எண்ணையும் மட்டும் இட்டால் போதும். மொழிபெயர்ப்பில் ஐயம் கொண்ட வாசகர், எந்தப் பதிப்பகத்தின் தொகுதியையும் விலை கொடுத்து வாங்காமல், அப்பத்தியின் ஆங்கில மூலத்தை நேரே சென்று காண முடியும்.